பழைய பிக்கப் வண்டி ஸ்டார்ட் ஆகலையா? 'பம்ப் போயிடுச்சு' என்றதும் பணம் அனுப்பாதீர்கள், முதலில் இந்த 6 கேள்விகளைக் கேளுங்கள்

அதிகாலை ஐந்து மணி. பெங்களூருவிலோ புனேவிலோ நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கிறீர்கள். ஊரிலிருந்து அப்பாவின் போன்.

"வண்டி எடுக்க மாட்டேங்குது கண்ணு. தக்காளி லோடு ஏத்தியாச்சு. மெக்கானிக் வந்து பார்த்துட்டு பம்ப் போயிடுச்சுங்கறார். கொஞ்சம் பணம் போட முடியுமா?"

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய டீசல் பிக்கப். வீட்டின் வருமானமே அதுதான். லோடு மார்க்கெட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய வாடகை மட்டும் போகாது, வாடிக்கையாளரும் போவார். நீங்கள் யோசிக்காமல் யுபிஐ செயலியைத் திறப்பீர்கள்.

ஒரு பத்து நிமிடம் பொறுங்கள். பம்ப் உண்மையிலேயே போயிருக்கலாம். ஆனால் பாட்டரி முனையில் படிந்த உப்பு, ஃபில்டரில் தேங்கிய தண்ணீர், ஒரு சின்ன சென்சார், அறுந்த எர்த் வயர் என எது கெட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. இதில் சிலவற்றைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனரும் பழைய துணியும் போதும். எரிபொருள் பம்பும் நாசில்களும் இந்த வண்டியில் விலை அதிகமான பாகங்களில் சேரும். அவற்றை மாற்றிய பிறகும் வண்டி எடுக்கவில்லை என்றால், கழற்றிய பணம் திரும்ப வராது.

மெக்கானிக்கைச் சந்தேகப்பட வேண்டும் என்பதல்ல விஷயம். "எதை அளந்து பார்த்து இந்த முடிவுக்கு வந்தீங்க?" என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், இது எந்த ரக வண்டி?

டீசல் எஞ்சினில் எப்போதுமே இன்ஜெக்‌ஷன்தான். கார்புரேட்டர் கிடையாது. மாறியது, அந்த டீசலை யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்பது.

பழைய லாரிகளில் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஒரு இயந்திர பம்ப், ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறை வைத்து டீசலைத் தள்ளும். ஒர்க்‌ஷாப்களில் இன்றும் இதை 'மைக்கோ பம்ப்' என்பார்கள். மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி என்ற பெயரின் சுருக்கம் அது. அந்த நிறுவனம் 2008-ல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறியும், மெக்கானிக்குகள் வாயில் மைக்கோ மாறவில்லை.

பிறகு மாசு விதிகள் இறுகின. பிஎஸ்-3 நாடு முழுவதும் 2010-லும், பிஎஸ்-4 நாடு முழுவதும் 2017-லும் அமலுக்கு வந்தன. இந்தக் காலத்தில் வந்த பிக்கப்களில் பல 'காமன் ரேல்' வகை. இதில் பம்பின் வேலை ஒன்றுதான்: ஒரு தடித்த குழாய்க்குள் டீசலை மிக அதிக அழுத்தத்தில் சேர்த்து வைப்பது. அந்தக் குழாய்தான் ரேல். எந்த நாசில், எந்த நொடியில், எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை இசியு எனப்படும் கம்ப்யூட்டர் முடிவு செய்யும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு நாசில் தலையிலும் எலக்ட்ரிக் கனெக்டர் இருந்தால், டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால், அது பெரும்பாலும் காமன் ரேல். கீழே சொல்வதெல்லாம் அந்த வகைக்கு. மைக்கோ பம்ப் வண்டிக்கு வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

டீசல் எஞ்சின் எடுக்க மூன்று விஷயம் வேண்டும்: சூடு, டீசல், நேரம். இதில் ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை 16-ல் ஒரு பங்கு, 18-ல் ஒரு பங்கு என்று நசுக்கும்போது அது 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும். அந்தச் சூட்டில், சரியான நேரத்தில், டீசல் பொடிப்பொடியாகப் பாய வேண்டும். மூன்றில் எது இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் மொத்த வேலையும்.

கேள்வி 1: சாவியைத் திருப்பினால் என்ன சத்தம் வருது?

"ஸ்டார்ட் ஆகல" என்பது ஒரே பிரச்சினை இல்லை. போனை எஞ்சின் பக்கத்தில் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள்.

சத்தமே இல்லை, அல்லது 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் என்றால், எஞ்சினே சுற்றவில்லை. பம்ப் பற்றிப் பேச இன்னும் நேரம் வரவில்லை. பாட்டரி, அதன் முனைகள், எர்த் வயர், செல்ஃப் மோட்டார், அதன் ரிலே ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

'உவ்... உவ்...' என்று இழுத்து இழுத்துச் சுற்றினாலும் அதே இடம்தான். மெதுவாகச் சுற்றினால் காற்று போதுமான அளவு சூடாகாது. ரேலில் அழுத்தமும் ஏறாது. செல்ஃப் அடிக்கும்போது டீசல் எஞ்சின் பொதுவாக நிமிடத்துக்கு 150 முதல் 250 சுற்று வரை சுற்றும். அதற்குக் கீழே போனால் எல்லா பாகமும் நன்றாக இருந்தும் வண்டி எடுக்காமல் போகலாம்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். நிற்கும் வண்டியில் பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12 வோல்ட் என்றால் கிட்டத்தட்ட காலி. முக்கியமான அளவு இன்னொன்று: செல்ஃப் அடிக்கும்போதே பாட்டரியை அளக்க வேண்டும். சுமார் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் முதல் சந்தேகம் பாட்டரி மேல். பாட்டரி நன்றாக இருந்தும் விழுந்தால், செல்ஃப் மோட்டாரே அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பாட்டரிகளைச் சேர்த்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். ஒன்று செத்தாலும் இரண்டும் படுத்துவிடும். அதனால் தனித்தனியாக அளக்க வேண்டும்.

பாட்டரி நன்றாக இருந்தும் இழுக்கிறதா? முனைகளில் வெள்ளை, பச்சை நிறத்தில் உப்பு இருக்கிறதா பாருங்கள். பிறகு எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டையைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் இரும்புக்கும் நடுவே மீட்டர் வைத்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எர்த் சரியில்லை. பழைய வண்டிகளில் அடிக்கடி தப்பிப் போகும் இடம் இது.

மாறாக, எஞ்சின் வழக்கத்தைவிட லேசாக, வேகமாக, 'சர்ர்' என்று சுற்றினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். டைமிங் பெல்ட்டோ செயினோ அறுந்திருக்கலாம். மேலும் சுற்றினால் வால்வு, பிஸ்டன் வரை செலவு இழுக்கும்.

கேள்வி 2: சாவி போட்டதும் எந்த விளக்கெல்லாம் எரியுது?

செல்ஃப் அடிக்காமல், சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பச் சொல்லுங்கள். மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும். அது எரியவே இல்லை என்றால், இசியுவுக்குக் கரண்ட் போகவில்லை என்று சந்தேகிக்கலாம். மெயின் ரிலே, ஃபியூஸ், இசியுவின் எர்த் மூன்றையும் பார்க்க வேண்டும். ஒரு ஃபியூஸ் போனதற்குப் பம்பை இறக்கிய கதை ஆகிவிடக் கூடாது.

சாவிப் படமோ பூட்டுப் படமோ விடாமல் மின்னினால், அது இம்மொபிலைசர். சாவிக்குள் இருக்கும் சிப்பை வண்டி அடையாளம் காணவில்லை என்று பொருள். பல வண்டிகளில் செல்ஃப் அடிக்கும், ஆனால் இசியு டீசலை விடாது. பீரோவில் இருக்கும் இன்னொரு சாவியை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

சுருள் கம்பி போன்ற விளக்கு ஹீட்டர் பிளக்குக்கானது. சமவெளியில் வெயில் காலத்தில் இது பெரிய விஷயம் இல்லை. ஊட்டியிலோ இமாச்சலிலோ குளிர்கால விடியலில் ஹீட்டர் பிளக் வேலை செய்யாவிட்டால் வண்டி படுத்தும். லடாக் குளிரில் டீசலே மெழுகாக உறையும். அதற்காகவே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத தனி டீசலை இந்தியன் ஆயில் 2019-ல் அங்கே கொண்டுவந்தது.

மைக்கோ பம்ப் வண்டியில் இசியு கிடையாது. ஆனால் எஞ்சினை நிறுத்த டீசலை அடைக்கும் ஸ்டாப் சோலனாய்டோ ஸ்டாப் கேபிளோ இருக்கும். அது அடைத்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் எடுக்காது.

கேள்வி 3: செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகை வருதா?

எந்தக் கருவியும் வேண்டாத, ஆனால் மிகவும் பயனுள்ள சோதனை இது. எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் எடுக்கவில்லை என்றால், ஒருவர் பின்னால் நின்று சைலன்சரைப் பார்க்க வேண்டும்.

வெள்ளைப் புகையும் டீசல் வாசனையும் வந்தால், டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியவில்லை. அதாவது குறை பெரும்பாலும் சூட்டில் அல்லது நேரத்தில்: ஹீட்டர் பிளக், கம்ப்ரெஷன், டைமிங்.

புகையே இல்லை என்றால், டீசல் உள்ளே போகவே இல்லை. ஒன்று, டீசல் ரேலுக்கு வரவில்லை. அல்லது வந்தும், இசியு நாசிலைத் திறக்கச் சொல்லவில்லை. இந்த இரண்டையும் பிரிப்பதுதான் அடுத்த வேலை.

கேள்வி 4: ஃபில்டரைத் திறந்து பார்த்தாங்களா?

முதலில் டேங்கில் டீசல் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். பழைய வண்டியின் மீட்டர் முள் பொய் சொல்லும். நேற்று பங்க்கில் தவறுதலாகப் பெட்ரோல் போட்டுவிட்டார்களா என்பதையும் கேளுங்கள். அப்படியென்றால் செல்ஃபே அடிக்கக் கூடாது. டேங்கை இறக்கிச் சுத்தம் செய்ய வேண்டும்.

அடுத்தது தண்ணீர். மழைக்காலத்தில் இது அதிகம். ஃபில்டர் அடியில் ஒரு திருகு இருக்கும். அதைத் தளர்த்தி, கண்ணாடி போன்ற பாட்டிலில் கொஞ்சம் பிடித்து ஐந்து நிமிடம் வையுங்கள். டீசல் தண்ணீரைவிட லேசானது. தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். பாட்டிலை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கறுப்புத் துகளோ, மினுமினுக்கும் இரும்புத் தூளோ தெரிந்தால் அதையும் கவனியுங்கள். இரும்புத் தூள் என்றால் பம்ப் உள்ளே தேய்கிறது என்ற சந்தேகத்துக்கு நியாயம் இருக்கிறது.

பிறகு காற்று. டீசல் தீர்ந்து நின்ற வண்டியிலும், ஃபில்டர் மாற்றிய வண்டியிலும் 'ஏர் பிடிக்கும்'. ஃபில்டர் தலையிலோ டியூப்பிலோ இருக்கும் ஹேண்ட் பம்பைக் கெட்டியாகும் வரை அழுத்த வேண்டும். எவ்வளவு அழுத்தியும் கெட்டியாகவில்லை என்றால், டேங்கிலிருந்து வரும் வழியில் எங்கோ காற்று உறிஞ்சுகிறது. வெடித்த ரப்பர் டியூப், தளர்ந்த கிளாம்ப், உட்காராத ஃபில்டர் வாஷர் போன்றவை வழக்கமான காரணங்கள். ராத்திரி நிறுத்தினால் காலையில் எடுக்காது, பகலில் உடனே எடுக்கும் என்ற வண்டிகளில் இதை முதலில் பாருங்கள்.

கேள்வி 5: ஸ்கேனரில் அந்த இரண்டு எண் என்ன?

இதுவரை எல்லாம் சரி, இன்னும் எடுக்கவில்லை என்றால், ஸ்கேனர் இல்லாமல் சொல்வது எல்லாம் யூகம்தான். பல வண்டிகளில் ஸ்டியரிங் கீழே 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது அதில் இரண்டு எண்ணைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, எஞ்சின் வேகம். எஞ்சின் சுற்றுவது காதில் கேட்கிறது, ஸ்கேனரோ பூஜ்ஜியம் காட்டுகிறது என்றால், எஞ்சின் சுற்றுவதே இசியுவுக்குத் தெரியவில்லை. தெரியாமல் அது நாசிலைத் திறக்காது. கிராங்க் சென்சார், அதன் வயர், கனெக்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சூடானதும் நின்றுபோய், ஆறியதும் எடுக்கும் வண்டியில் இந்த சென்சார் மீது சந்தேகம் இன்னும் வலுவாகும்.

இரண்டு, ரேல் அழுத்தம். உங்கள் காரின் டயரில் இருப்பது சுமார் 2 பார். காமன் ரேல் வண்டியை எடுக்க, பல மாடல்களில் சுமார் 200 பாராவது வேண்டும். ஓடும்போது 1,000 பாரைத் தாண்டும். செல்ஃப் அடிக்கும்போது 200-க்கு மேல் நிலையாக நிற்கிறது என்றால், பம்ப் மீது பழி போட வேண்டாம். 30, 40-லேயே நின்றால்தான் அழுத்தப் பக்கம் போக வேண்டும். உங்கள் மாடலுக்கான சரியான அளவு அதன் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

கோடுகளையும் கேட்டு வாங்குங்கள். பி0335 என்றால் கிராங்க் சென்சார் சுற்று. பி0340 கேம் சென்சார் சுற்று. பி0087 ரேல் அழுத்தம் குறைவு. ஆனால் கோடு என்பது புகார்தான், தீர்ப்பு அல்ல. அடைத்த ஃபில்டரும் பி0087 காட்டும், செத்த பம்பும் அதையே காட்டும். எலி கடித்த வயரும் பி0335 காட்டும். கோடைப் படித்துவிட்டுப் பாகத்தை ஆர்டர் போடுவதும், அளக்காமல் மாற்றுவதும் ஒன்றுதான்.

கேள்வி 6: பம்பா, நாசிலா?

ரேல் அழுத்தம் ஏறவில்லை என்று உறுதியான பிறகும், 'பம்ப்தான்' என்று சொல்லிவிட முடியாது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிற்காததற்குக் குழாயைக் குறை சொல்ல முடியாது அல்லவா? தேய்ந்த நாசில், வந்த டீசலை எல்லாம் ரிட்டர்ன் வழியாகத் திருப்பி அனுப்பிவிடும். ரேல் நிரம்பவே நிரம்பாது.

இதற்கு எளிய சோதனை உண்டு. ஒவ்வொரு நாசிலின் ரிட்டர்ன் டியூப்பையும் தனித்தனிச் சின்ன பாட்டிலில் விட்டு, மெக்கானிக் செல்ஃப் அடித்துப் பார்ப்பார். நான்கில் மூன்று பாட்டிலில் கொஞ்சம், ஒன்றில் மட்டும் மடமடவென்று நிறைந்தால், அந்த ஒரு நாசில்தான் குற்றவாளி. நான்கும் சமமாகக் கொஞ்சமாக இருந்து, ரேலில் உள்ள அழுத்த வால்வும் கசியவில்லை என்றால்தான் பம்ப் பக்கம் போக வேண்டும். அப்போதும் பம்பின் மேல் இருக்கும், டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வைப் பல மாடல்களில் தனியாக மாற்றலாம். முழு பம்பும் தேவைப்படாமல் போகலாம்.

உயிருக்கும் பாக்கெட்டுக்கும் ஆபத்தான 5 பழக்கங்கள்

*நாசில் பைப் நட்டைத் தளர்த்துவது.* மைக்கோ பம்ப் வண்டியில் ஏர் எடுக்க இது பழகிய வழி. காமன் ரேலில் இதைச் செய்யவே கூடாது. ஊசிமுனை அளவு கசிவிலிருந்து பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவாக இருக்கலாம். ஆனால் உள்ளே திசு அழுகும். கையையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நடந்தால் "காலையில பாத்துக்கலாம்" என்று இருக்காமல் உடனே அறுவை சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

*ஈதர் ஸ்ப்ரே, பெட்ரோல் நனைத்த துணி.* ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது இவற்றைக் காற்று வழியில் காட்டினால், நேரம் தப்பி வெடிக்கும். முகம், எஞ்சின் இரண்டுக்கும் சேதம்.

*24 வோல்ட் லாரியிலிருந்து ஜம்ப்.* ஹைவேயில் உதவிக்கு வரும் லாரி அண்ணன் நல்லவர்தான். ஆனால் அவருடைய 24 வோல்ட்டை உங்கள் 12 வோல்ட் பிக்கப்பில் கொடுத்தால் இசியு கருகும். 12-க்கு 12 மட்டும். கடைசியாக மாட்டும் கறுப்பு வயரைச் செத்த பாட்டரியில் மாட்டாமல், தள்ளி இருக்கும் எஞ்சின் இரும்பில் மாட்ட வேண்டும். பாட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்கும்.

*தள்ளி ஸ்டார்ட் செய்வது.* மைக்கோ பம்ப் வண்டி தள்ளினால் எடுக்கும். காமன் ரேலில் பாட்டரி முழுக்கச் செத்திருந்தால் இசியுவும் செத்திருக்கும். எவ்வளவு தள்ளினாலும் வியர்வைதான் மிச்சம்.

*வெள்ளத்தில் நின்ற வண்டியில் செல்ஃப் அடிப்பது.* 2015, 2023 டிசம்பர் சென்னை வெள்ளம் போன்ற நேரத்தில் செய்யத் தோன்றும் முதல் தவறு இது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை நசுக்க முடியாது. கனெக்டிங் ராட் வளைந்துவிடும். பாட்டரியைக் கழற்றிவிட்டு இழுத்துப் போவதுதான் வழி.

செல்ஃபையும் விடாமல் அடிக்க வேண்டாம். ஒரு தடவைக்கு 10 நொடி, பிறகு ஒரு நிமிடமாவது ஓய்வு. இல்லையென்றால் இல்லாத குறையாக செல்ஃப் மோட்டாரும் எரியும்.

சரி, அப்பாவிடம் என்ன சொல்வது?

மெக்கானிக்கிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள். மரியாதையாக, "அண்ணே, செல்ஃப் அடிக்கும்போது பாட்டரி எவ்வளவு காட்டுச்சு? ரேல் பிரஷர் எவ்வளவு ஏறுச்சு? ரிட்டர்ன் பாட்டில் வச்சுப் பாத்தீங்களா?" என்று மூன்றே கேள்வி கேளுங்கள்.

நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். எண்களைச் சொல்வார். எண்கள் பம்பைத்தான் காட்டுகின்றன என்றால், தயங்காமல் பணத்தை அனுப்புங்கள். அது வீண் செலவு இல்லை. பழைய பம்பைத் திரும்ப வாங்கி வைக்கச் சொல்லுங்கள். "ஸ்கேனர் இல்லீங்க தம்பி, அனுபவத்துல சொல்றேன்" என்றால், அனுபவத்தை மதித்தே, முதலில் ஸ்கேனர் உள்ள ஒருவரை வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் செலவு பம்ப் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

லோடு? அதை இன்னொரு வண்டிக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள். தக்காளி காத்திருக்காது என்ற அவசரத்தில் எடுக்கும் முடிவுதான் பெரும்பாலும் விலை அதிகமான முடிவு.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, வண்டி நன்றாக ஓடும் ஒரு நாளில், ஒரு நோட்டில் நான்கு விஷயம் எழுதி வண்டியிலேயே வையுங்கள்: பாட்டரி வாங்கிய தேதி, ஃபில்டர் கடைசியாக மாற்றிய கிலோமீட்டர், செல்ஃப் அடிக்கும்போது காட்டும் வோல்ட், அப்போது ஏறும் ரேல் அழுத்தம். வண்டி படுத்த நாளில், நன்றாக இருந்தபோது என்ன காட்டியது என்று தெரிந்தால்தான் எது குறைந்திருக்கிறது என்று சொல்ல முடியும்.